வழக்குப் போட முடியாத வாய்

மகனே, நீ சென்னைக்கு ரயிலேறின அன்று ஸ்டேஷனில் உன் கழுத்தில் விழுந்த மாலைகளையெல்லாம் உன் அம்மை மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்து ஆட்டுக்குப் போட்டாள். ஆடு பாதியைத் தின்றது. மீதியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எடுத்துப் பார்த்தால் காகிதப் பூ. இதைச் சொல்லிச் சிரித்துவிட்டு வேலையைப் பார்க்கப் போயிருக்க வேண்டியவன், கடையில் கணக்கப்பிள்ளையின் மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். கிளம்புவதற்கு முன்னால் சாப்பாட்டு இலையில் உட்கார்ந்து நீ சொன்ன ஒரு பேச்சு எனக்கு இன்னும் செரிக்கவில்லை. இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. உன் கட்சிக்காரர்கள் படித்தாலும் சரி, எதிர்க்கட்சிக்காரர்கள் படித்தாலும் சரி, ஒளித்துவைக்க இதில் ஒன்றும் இல்லை.

நீ ஜெயித்த சந்தோஷத்தில் அன்று வீடு நிறைய ஆட்கள். "மொதப் பேச்சுல எதப் பத்திப் பேசப் போறீய தம்பி?" என்று ஒருவர் கேட்டார். நீ சோற்றைப் பிசைந்துகொண்டே, "குளத்தூர்க் கிட்டங்கியப் பத்தித்தான். ஊர்ல ஒரு படி அரிசிக்கு சனங்க நாயா அலையுது. பழைய எம்.எல்.ஏ. அங்கன மூட்டை மூட்டையா அரிசியப் பதுக்கி வச்சிருக்காரு. பேரைச் சொல்லியே பேசப் போறேன்" என்றாய். "பாத்தவன் யாருப்பா?" என்று நான் கேட்டேன். தேர்தலில் உனக்கு வேலை செய்த ஒரு பையன், தார்ப்பாய் மூடின லாரிகள் அங்கே போய் வருவதைக் கண்டானாம். "அவரு கேஸ் போட்டா?" என்றேன். நீ சிரித்தாய். "அப்பா, சபையில நின்னு நான் என்ன பேசினாலும் எந்தக் கோர்ட்டும் என்னைக் கூப்பிட முடியாது. ஞானமுத்துப் பெரியப்பாவுக்கு அவரு என்ன செஞ்சாரோ அத அவருக்கே திருப்பிக் குடுக்கப் போறேன்." சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். ஒருவன் விசில்கூட அடித்தான். நான் மோரை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிட்டேன். கைதட்டுகிற கூட்டத்துக்கு நடுவில் மகனை மறுத்துப் பேசினால் கூட்டம் கேட்கும், மகன் கேட்க மாட்டான்.

உன் அம்மைக்கு அது பிடிக்கவில்லை. "அவன் எம்மெல்லே ஆயிட்டாம்னு நீங்க வாயப் பொத்திக்கிட்டீயளாக்கும்?" என்று அன்றைக்கே கேட்டாள். பொத்திக்கொள்ளவில்லை. சரக்கைப் பார்க்காமல் விலை சொல்லி எனக்குப் பழக்கமில்லை. பார்த்துவிட்டுப் பேசலாம் என்று இருந்தேன். பார்த்தாயிற்று. அதை வரிசையாகச் சொல்கிறேன்.

சட்டம் நீ படித்தவன். நான் படித்தது கமிஷன் கடையில். புதூர்ப் பக்கத்தில் வெள்ளாமை செய்கிற சம்சாரிகளிடம் வத்தலும் மல்லியும் வாங்கித் தலைச்சுமையாகக் கொண்டுவந்து விற்றவன், பிறகு வாடகை வண்டி பிடித்தவன், அதற்கும் பிறகுதான் பஜாரில் பலகை போட்டவன். அங்கே நான் முதலில் கற்றுக்கொண்டது குத்தூசியைப் பிடிக்கிற விதம். மூட்டையைப் பிரிக்காமல் உள்ளே குத்தி, அதன் குழிவில் ஒரு கை சரக்கை எடுத்துப் பார்க்கிற அந்த இரும்பை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அதற்கு ஒரு முறை இருப்பதை நீ கவனித்தாயோ என்னவோ. சரக்கின் மேல் சந்தேகம் சொல்கிறவன், சரக்குக்காரன் முகத்துக்கு முன்னால்தான் குத்த வேண்டும். உள்ளே பூசணம் இருந்தால் அவன் ஜெயித்தான். சரக்கு நன்றாக இருந்தால், குத்தினவனே குனிந்து, சாக்கில் விழுந்த துளையை விரலால் தேய்த்து இழைகளைச் சேர்த்து மூடிவிட்டு, "சரக்கு நயம்" என்று நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். மூடாமல் போகிறவனை மறுநாள் ஒரு கடைக்காரனும் மூட்டைப் பக்கத்தில் விடமாட்டான். இதை எந்தச் சர்க்காரும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்காமலே நடக்கிறது.

பழைய எம்.எல்.ஏ.வைப் பற்றி நீ கேட்டதெல்லாம் அவருடைய பின்பாதிக் கதை. முன்பாதியை நான் சொல்லாவிட்டால் நியாயமாக இருக்காது. அவர் முதல் தடவை ஜெயித்துப் போன சமயம் மழை பொய்த்துவிட்டது. புதூர்ப் பக்கத்தில் பஞ்ச நிவாரணமென்று ரோடு போடுகிற வேலை கொடுத்தார்கள். வெயிலில் கல்லுடைத்த பெண்களுக்குச் சர்க்கார் கொடுத்த கூலியில் பாதிதான் கைக்கு வந்தது. மீதியை வேலையை மேற்பார்வை பார்க்கிற அதிகாரியும் காண்டிராக்டரும் பங்கு போட்டுக்கொண்டார்கள். ஊருக்கே தெரியும். யாராலும் வாய் திறக்க முடியவில்லை. ஒரு வாத்தியார் நோட்டீஸ் அடித்து ஒட்டினார். மானநஷ்ட வழக்கென்று அந்த அதிகாரி வக்கீல் வைத்து மிரட்டினதில், வாத்தியார் ராத்திரியோடு ராத்திரியாகத் தானே போய்த் தான் ஒட்டினதைக் கிழித்துவிட்டு வந்தார். அந்த நேரத்தில் இந்த மனிதர் புதூருக்குப் போனார். வெயிலில் நின்று ஒவ்வொரு பெண்ணிடமும் எவ்வளவு வாங்கினாய் என்று கேட்டார். கேட்டதை அப்படியே சபையில் சொன்னார், அதிகாரியின் பேரோடு. அதிகாரியால் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை. மாற்றல் வந்தது. கூலி முழுசாக வந்தது. அவர் திரும்பி வந்தபோது புதூர்ப் பெண்கள் குலவை போட்டார்கள். நானும் போய் மாலை போட்டேன். அன்றைக்குக் காகிதப் பூ கிடையாது.

சபைப் பேச்சுக்கு வழக்கில்லை என்கிற அந்தச் சட்டத்தை எதற்காக வைத்தார்கள் என்று அன்றைக்கு எனக்கு விளங்கியது. பணம் உள்ளவன் வக்கீலை வைத்து ஏழையின் வாயை அடைத்துவிடுவான். அடைக்க முடியாத ஒரு வாய் எங்கேயாவது இருக்க வேண்டும். அது சபையில் இருக்கட்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. ஆனால் அந்த மனிதர் அதிலிருந்து வேறு ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டார். தான் விசாரித்துப் பேசினதால் ஜெயித்தோம் என்று அவர் நினைக்கவில்லை. தன்னை யாரும் கேட்க முடியாததால் ஜெயித்தோம் என்று நினைத்துவிட்டார்.

அடுத்த வருஷமே அது தீப்பெட்டித் தொழில் நடத்திய நம் ஞானமுத்துவின் தலையில் விடிந்தது. நீ அப்போது காலேஜில் இருந்தாய், பாதிதான் உனக்குத் தெரியும். அந்த எம்.எல்.ஏ.வின் மச்சினன் மலையாளத்துப் பக்கமிருந்து தீக்குச்சி வரவழைத்து இங்கே தீப்பெட்டி ஆபீஸ்களுக்குப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு லோடு ஈரக்குச்சியை ஞானமுத்துவின் ஆபீசில் கொண்டுவந்து இறக்கினான். ஞானமுத்து ஒரு பிடி குச்சியை எடுத்து ஒடித்துப் பார்த்தார். ஒடியவில்லை, வளைந்தது. சும்மா திருப்பி அனுப்பியிருக்கலாம். அவர் வாய் சும்மா இருக்காது. ஏற்றுக்கூலி ஆட்களெல்லாம் நிற்கையில், "மாப்ள, இத வச்சு சாம்பார்தான் வைக்க முடியும். முருங்கைக்காயக் கொண்டாந்து குச்சிங்கியளே!" என்றார். ஆட்கள் சிரித்தார்கள். மறுநாள் பஜார் முழுக்க அந்தப் பையனுக்கு முருங்கைக்காய் என்றே பேர் விழுந்துவிட்டது. அவன் போய் அத்தானிடம் அழுதான்.

அடுத்த சபைக் கூட்டத்தில் எம்.எல்.ஏ. எழுந்து, கோவில்பட்டியில் ஞானமுத்து என்கிற தீப்பெட்டி முதலாளி, குச்சி முனை மருந்துக்கென்று லைசென்சில் வாங்குகிற குளோரேட் உப்பை வெடிகுண்டு செய்கிறவர்களுக்கு விற்கிறார் என்று பேசிவிட்டார். பத்திரிகையில் பேர் போடவில்லை, "ஒரு முதலாளி" என்று மட்டும் போட்டார்கள். பேர் போட வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. போலீஸ் வந்து அவருடைய மருந்து அறைக்குச் சீல் வைத்தது. டீக்கடையில் ஒருவனும் அவரைக் குற்றம் சொல்லவில்லை. "சட்டசபையிலேயே சொல்லிருக்காவளாம்லா, சும்மாவா சொல்லுவாவ?" என்றுதான் சொன்னார்கள். இதற்கு எப்படி வழக்குப் போடுவாய்? வேதக்கோயில் கமிட்டியில் அவர் பொருளாளர். விஷயம் ஓய்கிற வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை காணிக்கைத் தட்டை வேறு யாராவது எடுக்கட்டுமே என்று பாதிரி ஐயர் நயமாகச் சொன்னாராம். ஞானமுத்துவை உலுக்கினது போலீஸ் சீல் இல்லை, அதுதான்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். அவரைப் பாளையங்கோட்டையில் ஒரு பெரிய வக்கீலிடம் கூட்டிப்போனேன். வக்கீல் கேட்டுவிட்டு, "சபைக்குள்ள சொன்ன சொல்லுக்கு வெளிய வழக்குக் கிடையாது, அண்ணாச்சி. வேற யார் மேலயும் கேஸ் போடலாம், அவர் மேல முடியாது" என்று சொல்லிவிட்டார். நான் விடவில்லை. "கேஸ் வேண்டாம். ஒரு நோட்டீஸ் மட்டும் விடுங்க. ஆதாரத்தக் காட்டு, இல்லாட்டா சொன்னது தப்புன்னு சொல்லு, அவ்வளவுதான்" என்றேன். அவர் கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். பிராக்டீஸ் இல்லாத ஒரு சின்ன வக்கீலைப் பிடித்து நான்தான் விடவைத்தேன். சந்தேகம் சொன்னவனை மூட்டைக்கு முன்னால் கூப்பிட்டுக் குத்திக் காட்டு என்று சொல்வதுபோல அதை நினைத்தேன். பூமியில் எல்லா இடத்திலும் அந்த முறை இருக்கும் என்று நம்பிய வியாபாரிப் புத்தி. மூன்று வாரம் பேச்சு மூச்சில்லை. பிறகு சென்னையிலிருந்து ஞானமுத்துவுக்குக் கடுதாசி வந்தது. உறுப்பினர் சபையில் பேசின பேச்சுக்கு வக்கீல் நோட்டீஸ் விட்டது சபையின் உரிமையை மீறின குற்றமாம். நேரில் வந்து பதில் சொல்ல வேண்டுமாம்.

நானும் கூடப் போனேன். தாழ்வாரத்து பெஞ்சில் என்னை உட்காரவைத்துவிட்டு அவரை உள்ளே கூப்பிட்டார்கள். மரியாதையாகத்தான் நடத்தினார்களாம், நாற்காலி கொடுத்தார்களாம். இந்த நோட்டீஸ் நீர் விட்டதுதானா என்று கேட்டார்களாம். ஆமாம் என்றிருக்கிறார். உறுப்பினரின் பேச்சைப் பற்றி வெளியே கேள்வி கேட்கக் கூடாது என்று தெரியுமா என்றார்களாம். "தெரியாதுங்கய்யா. அவிய சொன்னது பொய்யின்னு மட்டும் தெரியும்" என்றிருக்கிறார். பொய்யா மெய்யா என்பது எங்கள் விசாரணையில் இல்லை என்று சொன்னார்களாம். அவர்கள் சட்டப்படி அது சரி. டைப் அடித்து வைத்திருந்த மன்னிப்புக் கடிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தவர் செருப்பை மாட்டாமல் வெகுநேரம் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "வே, அவன் என்னையக் கள்ளன்னான். நான் இல்லன்னேன். இல்லன்னதுக்கு மன்னிப்புக் கேட்டாச்சு. இத வீட்ல போய் எப்படிச் சொல்ல?" என்றார். ராத்திரி வண்டியில் ஊருக்குத் திரும்பினோம். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் தீப்பெட்டி கேட்டார். ஞானமுத்து மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார், அவருடைய ஆபீஸ் பெட்டிதான்.

போலீஸ் கடைசியில் மருந்தை எடை போட்டுப் பார்த்துவிட்டு, கணக்குச் சரியாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துச் சீலை எடுத்தது. அதை எந்தப் பத்திரிகையும் போடவில்லை. அதற்குள் சரக்கு கொடுக்கிறவர்கள் கையை இழுத்துக்கொண்டார்கள். பெட்டி ஒட்டின பெண்கள் வேறு ஆபீஸ்களுக்குப் போய்விட்டார்கள். அவர் இடத்தை விற்றுவிட்டு, மணியாச்சியில் ரயில்வேயில் இருக்கிற மருமகன் வீட்டோடு போய்விட்டார். இடத்தை வாங்கினது யார் என்று உனக்குத் தெரியும். இன்றைக்கும் அந்தப் பக்கம் போகிறவர்கள் முருங்கைக்காய் ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள், அந்த மட்டுக்கு ஒரு நியாயம்.

இன்னொன்றையும் பார்த்துக்கொள். சட்டம் எம்.எல்.ஏ.வுக்குக் கொடுத்தது சபைக்குள் பேசுகிற பேச்சுக்கு மட்டும் காவல். வெளியே அவரும் நம்மைப்போல ஆள்தான். ஆனால் ஞானமுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்ததும் ஊருக்கு அந்த எல்லை மறந்துபோயிற்று. எம்.எல்.ஏ.வின் ஜீப் புதூர் ரோட்டில் ஒரு கிழவரின் ஆடுகள் மேல் ஏறிற்று. ஏட்டையா புகாரை எழுதவே இல்லை. "எம்.எல்.ஏ. வண்டிலா பெரியவரே, நாளைக்குச் சபையில எம் பேரைச் சொல்லிட்டாருன்னா எம் பிள்ளைகுட்டிய நீரா பாப்பீரு?" என்று கேட்டாராம். பிறகு பஜாரில் எடைக்கல் சோதிக்க வருகிறவர் அவருடைய மச்சினன் கடையைச் சோதிக்காமலே தாண்டிப் போனார். பள்ளிக்கூடத்து வேலைக்கு அவர் சொன்ன ஆள் உள்ளே போனான். ஒருவரையும் அவர் மிரட்டவில்லை. சபையில் ஒரு தரம் பேசிவிட்டார், அது போதுமாக இருந்தது.

இது அடுத்தவன் கதை என்று எண்ணிவிடாதே. நீ ஜெயித்த மறுநாளே நம் கடைக்கு வந்த எடைக்கல் இன்ஸ்பெக்டர் தராசைத் தொடவே இல்லை. "உங்க கடையில என்னத்தப் பாக்க, அண்ணாச்சி" என்று காப்பி குடித்துவிட்டுப் போனார். நான் பின்னாலேயே ஆள் அனுப்பிக் கூப்பிட்டுவந்து கல்லை எடை போடவைத்தேன். நல்லவன் என்பதால் இல்லை. சோதிக்காத கல் நாளைக்குத் தேய்ந்தால் எனக்கே தெரியாமல் போய்விடும். சாத்தூர் வியாபாரி ஒருவர் பழக்கூடையோடு வந்து, தன் போட்டிக்காரன் மல்லியில் கலப்படம் செய்வதைப் பற்றி நீ சபையில் ஒரு வார்த்தை போட்டால் போதும் என்றார். கூடையைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கையில் எனக்கும் ஒரு பேர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. யார் பேர் என்று கேட்காதே. அந்த ருசி எப்படிப்பட்டது என்று தெரிந்துகொண்டேன், அதற்காகச் சொல்கிறேன்.

நீ போன பிறகு குளத்தூருக்கு பஸ் ஏறினேன். கையில் குத்தூசி. அது உப்பளப் பக்கம், அதனால் உப்பு விலை விசாரிக்க வந்த வியாபாரி என்று காவலாளியிடம் சொன்னேன், திறந்துவிட்டான். முன்வரிசை மூட்டையைக் குத்திப் பார்க்கிறவன் வியாபாரி இல்லை. நான் பின்சுவர் வரைக்கும் போனேன். அடியில் ஒன்று, மூலையில் ஒன்று, மேலே ஏறி நடுவில் ஒன்று என்று இடம் மாற்றிக் குத்தினேன். எல்லாம் உப்பு. நாக்கில் வைத்தும் பார்த்தேன். தார்ப்பாய் மூடின லாரி என்று உன் பையன் சொன்னது சரிதான். உப்பைத் தார்ப்பாய் மூடாமல் யார் ஏற்றுவான்? அந்தப் பக்கத்தில் பிறந்த எந்தக் குழந்தையைக் கேட்டாலும் சொல்லியிருக்கும். நீங்கள் யாரும் கேட்கவில்லை.

நான் கடைசி மூட்டையில் குத்தூசியை வைத்திருக்கும்போதே பழைய எம்.எல்.ஏ. வந்துவிட்டார். ஆள் இளைத்துப்போயிருந்தார். "என்ன அண்ணாச்சி, உப்பு வியாபாரத்துக்கு எப்பம் மாறுனீய?" என்றார்.

"மாறல. உங்க கிட்டங்கியில அரிசி இருக்குன்னாவ. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"எவன் சொன்னான்?"

"என் மகன்."

"எங்கன வச்சுச் சொன்னான்?"

"இன்னும் சொல்லல. சபையில சொல்லப் போறான்."

அவர் முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. பக்கத்து மூட்டை மேல் உட்கார்ந்தார். "வெளிய சொல்லச் சொல்லுங்க அண்ணாச்சி. பஜார்ல மைக்கு வச்சுச் சொல்லட்டும். நான் கோர்ட்ல பாத்துக்கிடுதேன். அங்கன சொல்லிப்புட்டாம்னா நான் எங்க போயி முட்ட? சனம் இருக்கிற பசியில கிட்டங்கிய உடைச்சிரும். என்னையும் சேத்து."

"உங்களுக்குத் தெரியாத வழியா? ஞானமுத்து ஒரு நோட்டீஸ் விட்டாரே. நீங்களும் ஒண்ணு விட்டுப் பாருங்க" என்றேன். அப்படிச் சொல்லத்தான் பஸ் ஏறினோமோ என்று எனக்கே தோன்றியது, அவ்வளவு ருசியாக இருந்தது.

அவர் என் கையிலிருந்த குத்தூசியைப் பார்த்தார். பிறகு, "குத்திப் பாத்தாச்சுல்லா? துளைய மூடிட்டுப் போங்க" என்றார்.

"ஞானமுத்து மேல நீங்க போட்ட துளைய யாரு மூட?"

"அது அரசியல், அண்ணாச்சி."

ஆனால் குத்தினவன் நான். ஒவ்வொரு மூட்டையாகப் போய் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எல்லாத் துளைகளையும் தேய்த்து மூடினேன். "உப்புதான், வேற ஒண்ணும் இல்ல" என்று காவலாளி காதில் விழச் சொல்லிவிட்டு வந்தேன். அந்த மனிதரை எனக்குப் பிடிக்காது. அது வேறு கணக்கு.

திரும்புகிற வழியில் மணியாச்சியில் இறங்கினேன். ஞானமுத்து ஸ்டேஷனில்தான் இருந்தார். காலையில் பேப்பர் வருகிற வண்டிக்கு வந்துவிடுவார், கடைக்காரன் கட்டைப் பிரித்ததும் முதல் ஆளாக வாங்கி நின்றபடியே படிப்பார், பிறகும் வீட்டுக்குப் போக மனமில்லாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருப்பார் என்று மருமகன் சொன்னார். நீ செய்யப்போவதைச் சொன்னேன். அவர் உன்னைத் தடுக்கச் சொல்லுவார் என்று நினைத்துத்தான் போனேன். "அவன் மண்ணுல உருண்டா எனக்குச் சந்தோஷந்தான் வே. நான் என்ன மகானா?" என்றார். பிறகு கிட்டங்கியில் இருந்தது உப்பு என்றேன். அவர் பேப்பரை நாலாக மடித்தார். "அப்பம் வேண்டாம். அரிசி இருந்தா தம்பி தாராளமாச் சொல்லட்டும், நான் இங்கன இருந்து கைதட்டுதேன். உப்ப அரிசின்னு சொல்ல வேண்டாம். என் குளோரேட்டும் உப்புதான். அதத்தான் அவன் குண்டுன்னான்."

அவ்வளவுதான் விஷயம். உன்னை நான் வாயைக் கட்டிக்கொண்டு உட்காரச் சொல்லவில்லை. அப்படி உட்கார இந்தச் சம்சாரிகள் கரிசல் மண் ஒட்டின காலோடு வரிசையில் நின்று உனக்கு ஓட்டுப் போடவில்லை. அரிசியை யாரோ பதுக்குகிறார்கள் என்பது மெய். தேடு. கண்டுபிடித்தால், அவன் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், நமக்குச் சொந்தக்காரனாக இருந்தாலும், நானாகவே இருந்தாலும் பேரைச் சொல். அதற்குத்தான் அந்தக் காவல். ஆனால் ஒருவன் பேரை அங்கே சொல்வதற்கு முன்னால், இதையே பஜாரில் மைக் வைத்து அவன் எதிரே நின்று சொல்வேனா என்று உன்னையே கேட்டுக்கொள். சொல்வேன், வழக்கு வந்தால் வரட்டும் என்று தோன்றினால் சபையிலும் சொல். இங்கே சொல்லப் பயமாக இருக்கிறது, அங்கே சொல்லத் தைரியமாக இருக்கிறது என்றால், நீ எதைக் கண்டு பயப்படுகிறாய் என்று முதலில் பார். பணக்காரன் வழக்கால் நசுக்கிவிடுவான் என்ற பயமானால் பேசு, பின்னால் நான் இருக்கிறேன். நான் சொல்வது பொய்யாக இருக்கலாம் என்ற பயமானால், உட்கார்.

முதல் பேச்சுக்கு உனக்கு வேறு விஷயம் இல்லையே என்று யோசிக்காதே. ஒன்று இருக்கிறது. இந்த மன்றத்தில் முன்பு ஒரு உறுப்பினர், ஞானமுத்து என்கிற ஒரு குடிமகனைப் பற்றி ஒன்று சொன்னார், போலீஸ் விசாரித்து அது இல்லையென்று எழுதிக் கொடுத்தது, ஆனால் அவருக்குப் பதில் சொல்ல இந்த மன்றத்தில் வழி இல்லாமல் போயிற்று, அதனால் அவருக்காக நான் சொல்கிறேன் என்று எழுந்து சொல். பழைய ஆளின் பேரைக்கூட எடுக்க வேண்டாம். கோர்ட்டால் முடியாததை, வக்கீலால் முடியாததை, என் நோட்டீசால் முடியாததை உன் வாய் செய்யும். ஏனென்றால் துளை விழுந்த இடத்தில்தான் மூட முடியும், அந்த இடத்துக்குள் போக நம்மில் உனக்குத்தான் சீட்டு இருக்கிறது. கைதட்டல் பெரிதாக வராது. பத்திரிகைக்காரர்கள் இந்தத் தடவை தைரியமாகப் பேர் போடுவார்கள், ஒருவனை நல்லவன் என்று போட்டதற்கு யாரும் வழக்குப் போடுவதில்லை.

ஞானமுத்துவிடம் இதை நான் சொல்லவில்லை. நீ செய்வாயோ மாட்டாயோ எனக்கு எப்படித் தெரியும்? அவர் எப்படியும் தினம் ஸ்டேஷனுக்குப் போய்ப் பேப்பர் வாங்குகிறவர்தான்.

அடுத்த வண்டியில் வருகிற உன் சித்தப்பாவிடம் உன் அம்மை முறுக்கும் அதிரசமும் டின்னில் கொடுத்துவிடுகிறாள். டின்னுக்கு அடியில் துணியில் சுற்றி என் குத்தூசியை வைத்திருக்கிறேன். எடுக்கும்போது பார்த்துக் கையை விடு, கூர் இருக்கிறது. குழிவில் குளத்தூர் உப்பு கொஞ்சம் ஒட்டியிருக்கும். வேண்டுமென்றேதான் துடைக்காமல் அனுப்புகிறேன். நீ ஒரு தரம் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, பிறகு துடைத்து எண்ணெய் போட்டு வை. இரும்பு, விட்டால் துருப்பிடித்துவிடும்.